பனிக்கு ஏற்ற வரி: ஸ்கீ, ஸ்னோபோர்டு அடிப்பரப்பைத் தயார் செய்வது எப்படி?

மார்ச் மாதத்தில் ஒரு காலை, ஸ்கீயைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் நான் வேலை செய்யும் பட்டறைக்கு வந்தார். "மெழுகு சரியில்லை, இழுக்குது" என்றார். திருப்பிப் பார்த்தேன். மெழுகில் ஒரு குறையும் இல்லை. முந்தைய வார மதிய வெயிலில் பனி கஞ்சியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அதற்கென ஸ்கீயின் பிளாஸ்டிக் அடிப்பரப்பில் ஆழமான வரி, அதாவது நுண்ணிய பள்ளக் கோடுகள், போட்டு வைத்திருந்தார். அன்று காலைப் பனியோ மைனஸ் 12 டிகிரி. ஒவ்வொரு வரியும் பனிப்படிகத்தில் மாட்டி பிரேக் போட்டுக்கொண்டிருந்தது. மெழுகு தப்பானால் சுரண்டிவிட்டு வேறு போடலாம். வரி தப்பானால் அடிப்பரப்பையே சீவ வேண்டும். அன்று அதைத்தான் செய்தோம்.

மெல்லிய வரியை எப்போது வேண்டுமானாலும் ஆழமாக்கலாம். ஆழமான வரியை மெல்லியதாக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கை இழக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இந்த ஒரு காரணத்தால் அமைந்தது.

எடுத்துக்காட்டுக்கு சுவிட்சர்லாந்தின் எங்கடீன் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறேன். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உறைந்த ஏரிகள், விடியலில் கடுங்குளிர், மதியம் சுள்ளென்று வெயில். ஒரே நாளில் இரண்டு மூன்று வகைப் பனியை அங்கே பார்த்துவிடலாம்.

1. வரி என்ன வேலை செய்கிறது?

கழுவி ஈரத்தோடு அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். நடுவில் இருக்கும் தண்ணீர்ப் படலம்தான் பிடித்து இழுக்கிறது. நனைந்த பனியில் வழவழப்பான ஸ்கீக்கும் இதே கதிதான். வரிகள் அந்தப் படலத்தை உடைத்து, தண்ணீர் ஓடவும் காற்று நுழையவும் வழி விடுகின்றன.

கடுங்குளிரில் பிரச்சினை நேர் எதிர். தண்ணீரே போதாது. உராய்வுச் சூட்டில் உருகும் கொஞ்ச நீர்தான் வழுக்கலுக்கு உதவுகிறது. புதுப்பனியின் படிகம் கூர்மையாக, மணல் போல இருக்கும். அப்போது ஆழமான வரியின் முகடுகள் படிகத்தில் சிக்கும். ஆகவே குளிருக்கு மெல்லிய வரி, ஈரத்துக்கு அகன்று ஆழமான வரி. குளிரிலும் கண்ணாடி மாதிரி மெருகேற்றிவிடக் கூடாது. எவ்வளவு குளிரிலும் கொஞ்சம் வரி வேண்டும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பனிக்குள் செருகும் வெப்பமானி, பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ், மில்லிமீட்டர் கட்டம் போட்ட ஒரு அட்டை. ஸ்கீயை அசையாமல் பிடிக்கும் வைஸ். அடிப்பரப்பின் குறுக்கே வைத்துப் பார்க்க நேரான எஃகுக் கோல். கூரான எஃகுச் சுரண்டி ஒன்று, பிளாஸ்டிக் சுரண்டி ஒன்று. பித்தளை பிரஷ், நைலான் பிரஷ், நாரால் ஆன தேய்ப்புத் துண்டு. மெழுகு இஸ்திரி. வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் வாட்டர் பேப்பர் என்பார்களே, அந்த சிலிக்கான் கார்பைடு உப்புத்தாளில் 100, 150, 220 நம்பர்கள். கடைசியாக, வரி பதிக்கும் உருளைக் கருவி.

உருளையின் மேல் 0.5, 0.75, 1.0 என்று எண் இருக்கும். அது மில்லிமீட்டரில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி. பலர் அதை ஆழம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆழத்தை முடிவு செய்வது உங்கள் கை அழுத்தம்.

பணம் அளவாக இருந்தால் வெப்பமானியையும் ஒரே ஒரு 0.75 உருளையையும் முதலில் வாங்குங்கள். மற்றவை மெதுவாகச் சேரட்டும்.

3. முதலில் பனியைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பிறகு அதிகம் அவதிப்படுகிறார்கள். கைபேசியில் "ப்ளஸ் 5" என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப வரி போடுவார்கள். அது காற்றின் வெப்பம். பனி 0 டிகிரியைத் தாண்டாது, தாண்டினால் அது தண்ணீர். காற்று ப்ளஸ் 2 ஆனாலும் ப்ளஸ் 10 ஆனாலும் பனி 0-வில்தான் நிற்கும். மாறுவது அதற்குள் இருக்கும் நீரின் அளவு. வரியை முடிவு செய்வதும் அதுதான்.

வெப்பமானியைப் பனிப்பரப்பை ஒட்டிய முதல் ஓரிரு சென்டிமீட்டருக்குள் படுக்கை வாட்டில் செருகுங்கள். வெயில் நேராக விழாமல் உங்கள் நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் உலோகம் சூடேறி பொய் சொல்லும். எண் அசையாமல் நிற்கும்வரை சில நிமிடம் காத்திருங்கள். தடத்தின் ஓரத்தில் அளக்காதீர்கள். ஸ்கீ ஓடும் இடத்தில், வெயிலில் ஒன்று, மர நிழலில் ஒன்று என்று இரண்டு இடத்திலாவது அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து கைப்பிடிச் சோதனை. கையுறையோடு ஒரு பிடி பனியை எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் உலர் பனி. உருண்டை பிடிக்கிறது, ஆனால் லென்ஸில் பார்த்தாலும் தண்ணீர் தெரியவில்லை என்றால் ஈரப்பனி, அதில் நீர் 3 சதவீதத்துக்கும் குறைவு (எடையில் அல்ல, கன அளவில்). லென்ஸில் துகள்களுக்கு நடுவே நீர் மின்னுகிறது, அழுத்தினால் சொட்டவில்லை என்றால் நனைந்த பனி, 3 முதல் 8 சதவீதம். விரல் இடுக்கில் நீர் கசிந்தால் மிக நனைந்தது, 8 முதல் 15. அதற்கு மேல் போனால் கூழ். சர்வதேசப் பனி வகைப்பாட்டில் உள்ள பிரிவுகள் இவை. வீட்டில் ஈர மாவைப் பிடித்துப் பழகிய கைக்கு இது சீக்கிரமே பிடிபடும்.

மூன்றாவது துகள். கட்டம் போட்ட அட்டையில் கொஞ்சம் பனியைத் தூவி லென்ஸில் பாருங்கள். 0.5 மி.மீ-க்குக் கீழே இருந்தால் நுண்பனி. 0.5 முதல் 1 வரை நடுத்தரம். 1-க்கு மேல் போனால் பருபனி, அதாவது பல முறை உருகி உறைந்த வசந்தகாலப் பனி. நட்சத்திரக் கைகள் உடையாமல் இருக்கிறதா, கற்கண்டு மாதிரி உருண்டுவிட்டதா என்பதையும் பாருங்கள். கூரான கை இருந்தால் ஒரு படி மெல்லிய வரி, உருண்டிருந்தால் ஒரு படி பெரிய வரி.

செயற்கைப் பனியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் துகள் சிறிதாக, உருண்டையாக, நெருக்கமாக இருக்கும். குளிரில் அது அடிப்பரப்பை அரிக்கும். எஃகு விளிம்பை ஒட்டி சாம்பல் பூத்தது போல வெளுத்த பட்டை தெரிந்தால் அந்த இடம் அரிபட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே வரி போட்டால் வரி அங்கே நிற்காது.

4. அடிப்பரப்பு தட்டையா என்று பாருங்கள்

எஃகுக் கோலைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்து, முனையிலிருந்து வால் வரை நகர்த்திக்கொண்டே பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் குழிவு. விளிம்புகளின் பக்கம் கசிந்தால் நடு மேடு. இரண்டில் எது இருந்தாலும் கையால் போடும் வரி சீராக விழாது. மேட்டில் ஆழமாகவும் பள்ளத்தில் தொடாமலும் போகும். நடு மேட்டையோ குழிவையோ கையால் தட்டையாக்க முயலாதீர்கள், கடையில் அடிப்பரப்பைக் கல்லில் தேய்க்கும் கல் இயந்திரத்துக்கு அனுப்புங்கள்.

ஸ்னோபோர்டுக்காரர்கள் இதற்கு முன் பைண்டிங், அதாவது காலணியைப் பிடிக்கும் பூட்டின், திருகுகளைத் தளர்த்த வேண்டும். இறுக்கிய திருகு உள்ளே இருக்கும் மரையை மேலே இழுக்கும், அடியில் அந்த இடம் லேசாகக் குழியும். அப்படியே தேய்த்துவிட்டுப் பிறகு தளர்த்தினால் அதே இடம் புடைத்து நிற்கும். புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இதை நான் சொல்லித்தான் தெரிகிறது.

5. சுத்தம்

பழைய மெழுகின் மேல் வரி போடுவது தூசி படிந்த சுவரில் வெள்ளை அடிப்பது மாதிரி. மென்மையான மெழுகை உருக்கித் தடவி, இளஞ்சூடாக இருக்கும்போதே சுரண்டுங்கள். அழுக்கு அதோடு வந்துவிடும். அப்புறம் பித்தளை பிரஷால் முனையிலிருந்து வால் நோக்கி மட்டும் தேய்த்து, பழைய வரிகளுக்குள் அடைந்ததை வெளியே கொண்டுவாருங்கள். இப்போதுதான் உங்கள் ஸ்கீயில் ஏற்கெனவே எந்த வரி இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும். இருக்கிற வரியே போதும் என்று தெரியவரும்.

6. எந்தப் பனிக்கு எந்த வரி?

பனி மைனஸ் 10-க்குக் கீழே, உலர்ந்து, துகள் நுண்மையாக இருந்தால் இருப்பதிலேயே மெல்லிய, நேரான வரி. உருளை என்றால் 0.3 அளவு. உப்புத்தாள் என்றால் 220. புத்தம்புதுப் பனி என்றால் உருளையைத் தொடவே வேண்டாம், கல்லில் போட்ட மெல்லிய வரி போதும்.

மைனஸ் 10 முதல் மைனஸ் 3 வரை நடுத்தர வரி, 0.5 உருளை அல்லது 150 தாள். குளிர்கால நாட்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் வரும். ஒரே ஒரு ஜோடி வைத்திருப்பவர்கள் கல்லில் போடும் நிரந்தர வரியை இதற்கும் கொஞ்சம் மெல்லியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மைனஸ் 3 முதல் 0 வரை, கைப்பிடியில் உருண்டை பிடிக்கும் பனிக்கு 0.75. நனைந்து, நீர் மின்னும் பனிக்கு 1.0 அல்லது 100 தாள். விரலிடுக்கில் நீர் கசியும் பருபனிக்கு 1-க்கு மேற்பட்ட உருளையும், அதன்மேல் வி வடிவிலோ குறுக்காகவோ வெட்டும் இரண்டாவது வரியும். நீண்ட ஒற்றைக் கோட்டை விட, உடைந்த வரி தண்ணீர்ப் படலத்தை நன்றாகப் பிரிக்கிறது.

இவை தொடக்க எண்கள். இரண்டுக்கும் நடுவில் தயங்கினால் மெல்லியதை எடுங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இனி, யார் ஓட்டுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓடும் நாட்டுப்புற ஓட்ட (கிராஸ்-கன்ட்ரி) ஸ்கீ நேராக வழுக்கும், அதனால் நேர்வரி பொருந்தும். அதிலேயே, நடப்பது போலக் கால்களை நேராக முன்னே வைத்து ஓடும் கிளாசிக் வகையில், நடுவே பிடிமான மெழுகு போடும் பகுதியை உருளை தொடக் கூடாது. மலைச்சரிவு ஸ்கீ ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கும். அதில் நேரான ஆழ்வரி போட்டால் தண்டவாளத்தில் மாட்டியது போல ஸ்கீ திரும்ப மறுக்கும். அதற்குக் குறுக்கு வரியோ வி வரியோ நல்லது. ஸ்னோபோர்டும் அப்படித்தான். அதோடு அதன் நடுவே ஒடுங்கிய இடத்திலும் அகலம் சுமார் 25 சென்டிமீட்டர், எனவே ஈரப்பனியில் உறிஞ்சலும் அதிகம். ஸ்கீக்குச் சொன்னதைவிட ஒரு படி பெரிய வரியை அது தாங்கும்.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து ஃப்ளோரின் மெழுகைப் போட்டிகளில் முழுமையாகத் தடை செய்துவிட்டது. நீரை விரட்டும் வேலையில் அந்த மெழுகு சுமந்த பங்கை இப்போது வரியும் சேர்த்துச் சுமக்கிறது. நனைந்த நாளில் வரியை அசட்டை செய்ய முடியாததற்கு இதுவும் காரணம்.

7. நிரந்தர வரி: கல்லும் தாளும்

கல் இயந்திரத்தில் வைர முனை முதலில் கல்லின் மேல் வரி வெட்டும். பிறகு ஸ்கீ அந்தக் கல்லின் மேல் ஓடி அதே வரியை வாங்கிக்கொள்ளும். கடையில் "நல்ல வரியா போடுங்க" என்று சொன்னால் அவர்கள் பொதுவான ஒன்றைப் போட்டுத் தருவார்கள். அதற்குப் பதில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்த வெப்பத்திலிருந்து எது வரை ஓட்டுவீர்கள், இயற்கைப் பனியா செயற்கையா, எந்த வகை ஓட்டம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் பிளாஸ்டிக் போகும். அடிப்பரப்பின் கனமே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். எனவே பருவத்துக்கு ஒரு முறை போதும்.

இயந்திரம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு உப்புத்தாள். தட்டையான அரத்திலோ கட்டையிலோ தாளை இறுக்கமாகச் சுற்றி, முனையிலிருந்து வால் வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒரு தழும்பு விழும். முன்னும் பின்னுமாகத் தேய்க்காதீர்கள். பின்னோக்கித் தேய்த்தால் பிளாஸ்டிக் நார்கள் எதிர்த்திசையில் எழுந்து நிற்கும். விரலில் தாளைப் பிடித்துத் தேய்ப்பதும் கூடாது, விரல் அழுத்திய இடமெல்லாம் பள்ளமாகிவிடும். ஐந்தாறு இழுப்புக்கு மேல் வேண்டியிருக்காது.

8. முடி எடுத்து, மெழுகு ஏற்றுங்கள்

வரி வெட்டிய அடிப்பரப்பை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். வரிகளின் ஓரத்தில் பூனை முடி மாதிரி நுண்ணிய நார்கள் நிற்கும். குளிர்ப்பனியில் ஒவ்வொன்றும் இழுக்கும். கூரான எஃகுச் சுரண்டியை எடையே கொடுக்காமல் ஓட்டி, அப்புறம் நார்த்துண்டால் பத்துப் பதினைந்து முறை தேய்த்து எடுங்கள். கன்னத்து ரோமத்தைச் சவரம் செய்வது போல மென்மையாகச் செய்ய வேண்டிய வேலை இது. அழுத்தினால் போட்ட வரியே போய்விடும்.

மெழுகைப் பனியின் வெப்பத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். இஸ்திரிச் சூடு மெழுகு உறையில் அச்சிட்டிருக்கும். அடிப்பரப்பின் பாலிஎத்திலீன் சுமார் 135 டிகிரியிலேயே உருகும் பொருள், எனவே இஸ்திரி ஓரிடத்தில் நிற்கவே கூடாது. புகை வந்தால் சூடு அதிகம். புதிதாகத் தேய்த்த ஸ்கீ மெழுகை மடமடவென்று குடிக்கும், நாலைந்து சுற்று ஏற்றுங்கள்.

ஆறிய பிறகு சுரண்டி, பிரஷ் போடுங்கள். இங்கேதான் சோம்பல் வரும். வரிக்குள் மெழுகு தங்கிவிட்டால் வரி இல்லாத ஸ்கீயும் அதுவும் ஒன்றுதான். பிரஷில் வெள்ளைத் தூள் வருவது நிற்கும் வரை விடாதீர்கள்.

9. அன்றைய வரி: உருளை கடைசியில்

உருளை வெட்டுவதில்லை, அழுத்திப் பதிக்கிறது. பதித்த வரியை இஸ்திரிச் சூடு ஏறக்குறைய அழித்துவிடும், பிளாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் உருளை மெழுகுக்குப் பின், பிரஷுக்கும் பின். முதலில் உருட்டிவிட்டு அப்புறம் சூடாக மெழுகு போடுகிறவர்கள் உழைப்பை வீணாக்குகிறார்கள்.

நல்லது என்னவென்றால், அதே காரணத்தால் இந்த வரி தற்காலிகமானது. கல்லில் மெல்லியதாக வைத்துக்கொண்டு, ஈரமான நாளில் உருளையால் மேலே பதித்து, அடுத்த வாரம் இஸ்திரியால் அழித்துவிடலாம்.

ஸ்கீயை வைஸில் இறுக்கி, முனையிலிருந்து வால் வரை ஒரே அழுத்தத்தில் ஒரு முறை. நடக்கும்போது தோள் ஸ்கீயின் மேலேயே இருக்கட்டும், கை நீண்டால் அழுத்தம் குறையும். இரண்டாவது முறை ஓட்டினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் குழம்பும். ஆழம் போதவில்லை என்றால் அடுத்த முறை அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஸ்னோபோர்டில் கருவி அகலம் போதாது, ஒரு நேர்க்கட்டையை வழிகாட்டியாக வைத்துப் பட்டை பட்டையாக ஓட்டுங்கள். கடைசியாக நைலான் பிரஷால் ஓரிரு இழுப்பு.

10. சறுக்கிப் பார்க்காமல் முடிக்காதீர்கள்

மெல்லச் சரிந்து சமதளத்தில் முடியும் ஓர் இடத்தைத் தேடுங்கள். ஒரே ஆள், ஒரே தடம், ஒரே குந்து நிலை. உந்தாமல் இறங்கி, நின்ற இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். வேறு வேறு வரி போட்ட ஜோடிகளை ஒப்பிட்டால், ஜோடிக்கு மூன்று முறை. தடம் ஓட ஓட மெருகேறி வேகம் கூடும், அதனால் முதலில் ஓட்டிய ஜோடியை முடிவில் இன்னொரு முறை ஓட்டுங்கள். அது இப்போது இன்னும் தூரம் போனால், அந்த வித்தியாசம் தடத்தால் வந்தது.

கிளம்பும்போதே இழுத்தால் பெரும்பாலும் வரி ஆழம், அல்லது முடி எடுக்கவில்லை. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ பின்னாலிருந்து உறிஞ்சிப் பிடிப்பது போல இருந்தால் வரி போதவில்லை.

11. ஒரே நாளில் பனி மாறினால்

காஷ்மீரின் குல்மார்கில் கேபிள் வண்டி சுமார் 2,650 மீட்டரிலிருந்து 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. மேலே உலர் தூள், கீழே ஈரம். அங்கே மேல்பனிக்கு ஏற்ற வரியைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. கீழே வந்துசேரும்போது வேகம் குறைந்தால் பரவாயில்லை.

எங்கடீன் மராத்தான் இன்னும் சிக்கல். மார்ச் இரண்டாம் ஞாயிறு, மலோயாவில் தொடங்கி ஸ்-சான்ஃப் வரை 42 கிலோமீட்டர். சில்ஸ், சில்வப்லானா ஏரிகளின் மேல் காலைக்குளிர், நடுவே காட்டு நிழல், கடைசியில் திறந்த வெயில். முன்னணி வீரர்கள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள், குளிர்ப்பனி ஈரமாகும் முன்பே. நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம். அவர்கள் போட்ட மெல்லிய வரியை நாமும் போட்டால், முடிவை நெருங்கும் நேரத்தில், கால் ஓய்ந்து வேகமும் குறைந்திருக்கும்போது, ஈரப்பனியில் ஒட்டிக்கொண்டு நிற்போம்.

நான் செய்வது இது. முந்தைய இரண்டு நாளும் காலை எட்டு மணிக்கு ஏரியிலும், பன்னிரண்டு மணிக்கு முடிவிடத்திலும் பனியை அளந்து எழுதுவேன். முடிவிடத்தில் உருண்டை பிடித்தால், மெல்லிய கல்வரியின் மேல் 0.75 உருளையை லேசான அழுத்தத்தில் ஒரே ஒரு முறை. பிடிக்காமல் உதிர்ந்தால் உருளை பெட்டிக்குள்ளேயே இருக்கும்.